தண்ணீர் வருகிற உயரம்

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க."

மூன்றாவது தடவையாகச் சொன்னார் ப்யோ அம்மா.

"இதுக்கு மேல இறக்கினா இடுப்புக்குக் கீழ போயிடும்மா," என்றேன்.

"போகட்டும்."

தென்கொரியாவின் ஜோன்ஜு நகரில், ஃப்ரிட்ஜ் கடையில் பதினோரு வருஷமாக விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். கல்யாணப் பெண் சீராக வாங்கும் ஃப்ரிட்ஜுக்கு மாமியார் வந்து நாட்டாமை செய்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் ப்யோ அம்மா தனி ரகம். சந்தையில் கிம்ச்சி ஊறுகாய்க் கடை நடத்துகிறவர். அந்தக் குரலுக்குக் கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

கலர், கதவு, கைப்பிடி எல்லாவற்றையும் மருமகளாக வரப்போகும் நாரேயிடமே விட்டுவிட்டார். பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். கதவில் தண்ணீரும் ஐஸும் வரும் டிஸ்பென்சர். அது எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எந்தக் கதவில், ஐஸ் கட்டியா பொடியா, ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிட்டால் போதும். அதன்படி செய்து வீட்டுக்கே அனுப்பிவிடுவோம்.

"அத்தை, குனிஞ்சு குனிஞ்சு பிடிக்கணும்," என்றாள் நாரே. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு உதட்டோடு நின்றது.

"வயசுப் பொண்ணுதானே, குனி. இடுப்புக்கு நல்லது."

மாப்பிள்ளை தேசிக் மெல்ல வாயைத் திறந்தான். "அம்மா, அது அவ வாங்குற ஃப்ரிட்ஜ்மா..."

"நீ சும்மா இரு. என்னைக்காவது நீயா எழுந்து போய் தண்ணி குடிச்சிருக்கியா? படுத்த இடத்துல இருந்து 'அம்மா, தண்ணி'ன்னு கத்துன பய."

ப்யோ அம்மா என்னுடைய நாற்காலியை இழுத்து, காட்சிக்கு வைத்திருந்த ஃப்ரிட்ஜின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். இடது கையை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"எட்டல."

"உக்காந்துகிட்டு யாரு அத்தை தண்ணி பிடிப்பாங்க?"

"நான் பிடிப்பேன். எனக்கு முட்டி வலி."

நாரேயின் கண்கள் விரிந்தன. "நீங்க... எங்ககூடவா இருக்கப் போறீங்க?"

"நான் வந்து உக்காந்துட்டா என் கடைய யாரு பாக்குறது? ஆனா வருவேன். அடிக்கடி வருவேன்."

பக்கத்து மேசையில் விற்பனை பார்க்கும் என் தோழி என் காதில் கிசுகிசுத்தாள். "பாவம்டி இந்தப் பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தப் பாடு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ப்யோ அம்மா நிறுத்தவில்லை. "பொத்தான் வேணாம். டம்ளர வச்சு அமுக்குனா தண்ணி வர்ற மாதிரி அகலத் தட்டு. இடது பக்கக் கதவுல. ஐஸ் பொடியா. ஒரு தடவைக்கு அரை டம்ளர்."

"அரை டம்ளரா? எனக்குத் தொண்டைகூட நனையாதும்மா," என்றான் தேசிக்.

"நாலு தடவ அமுக்கு. உடம்பாவது அசையும்."

கடைக்குள் சிலர் சிரித்துவிட்டார்கள். நாரே சிரிக்கவில்லை.

"அத்தை, இது எங்கம்மா எனக்குக் குடுக்குற சீர். ஒரு குழாயக்கூட என் இஷ்டத்துக்கு வச்சுக்கக் கூடாதா?"

கல்யாணம் இங்கேயே நின்றுவிடுமோ என்று எனக்குப் பதறியது.

ப்யோ அம்மா மகனைப் பார்த்தார். "தேசிக், போய் கார எடுத்துட்டு வா."

"இப்பவா? இன்னும் எதுவுமே..."

"போடா."

அவன் போனதும் நாரேயின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். குரல் வெகுவாக இறங்கிவிட்டது. ஆர்டர் படிவத்தோடு நின்ற எனக்குத்தான் கேட்டது.

"சம்பந்தம் பேச உங்க ஊரு மொக்போவுக்கு வந்தோமே, அந்த மீன் சாப்பாட்டுக் கடைக்கு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே உங்கம்மா உள்ள உக்காந்திருந்தாங்க. நாங்க கிளம்புற வரைக்கும் எழுந்திருக்கல. வலது கைய மேசைக்கு மேல எடுக்கவேயில்ல. வாசல்ல எல்லாரோட செருப்பும் இருந்துச்சு. அவங்க செருப்பு மட்டும் இல்ல."

நாரேயின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமாதான்... முதுகுல தூக்கிட்டு வந்து உக்கார வச்சாரு," என்றாள். "போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு அத்தை. தெரிஞ்சா சம்பந்தம் வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு அம்மா பயந்தாங்க. நானும் பயந்தேன். அவர்கிட்டகூடச் சொல்லல."

"அவன் கிடக்கான். எதுத்தாப்புல லாரி வந்தாக்கூட அவனுக்குத் தெரியாது."

அழுகைக்கு நடுவே நாரே சிரித்துவிட்டாள்.

"ஆனா இன்னைக்கே சொல்லிடு. நீயே சொல்லணும். அப்புறம் அவன் தாம்தூம்னு குதிச்சா என்கிட்ட அனுப்பு."

நாரே தலையாட்டினாள். ப்யோ அம்மா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் மூக்கைத் துடைத்தார், சின்னக் குழந்தைக்குத் துடைப்பதுபோல.

"அன்னைக்கு மீன் குழம்பு என்ன காரம்! நாங்கல்லாம் குடம் குடமா தண்ணி குடிச்சோம். உங்கம்மா மூணு மணி நேரத்துல ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சா எழுந்து போகணுமே, யாரையாவது கூப்பிடணுமேன்னு தொண்டையக் காயப்போட்டுட்டு சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க."

எனக்குப் படிவத்தின் எழுத்துகள் மங்கின.

"ஃப்ரிட்ஜ் வந்த மறுநாளே அவங்கள உங்க புது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு, நாரே. எங்க சம்பந்தி ஒரு வாய் தண்ணிக்காக யார் முகத்தையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது."