செல்வக்குமாரின் வியூகம்

"என்ன மாப்ள, ரேஸுக்கு வந்தியா, இல்ல என் முதுகைப் பாக்க வந்தியா?"

தங்கப்பாண்டி திரும்பிப் பார்க்காமலே கேட்டான். அவனுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி செல்வக்குமார் மிதித்துக்கொண்டிருந்தான்.

"போன வருசமும் அதைத்தானே காமிச்ச? அப்படி என்ன அழகா இருக்குன்னு பாக்குறேன்."

ஒத்தக்கடையில் கிளம்பி, திருவாதவூர், மேலூர் என்று சுற்றி மறுபடி ஒத்தக்கடைக்கே வரும் ஒருநாள் சைக்கிள் பந்தயம் அது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கடைசி வரை செல்வக்குமாரின் பின்னால் காற்றுப் படாமல் சொகுசாக வந்து, எல்லைக்கோடு தெரிந்ததும் எகிறிப் பாய்ந்து ஜெயித்தவன் தங்கப்பாண்டி.

இந்தத் தடவை பந்தயத்தை நடத்தும் கம்பெனி, முதலில் வருபவருக்குத் தன் அணியில் மாதச் சம்பளத்தோடு வேலை என்று அறிவித்திருந்தது. ஏற்கெனவே ரயில்வேயில் இருக்கும் பாண்டிக்கு அதுவும் வேண்டுமாம். "பேராசைக்காரப் பய" என்று செல்வக்குமார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சொன்னதோடு நிற்காமல் ஒரு வியூகமும் வகுத்திருந்தான். திருவாதவூர் தாண்டியதும் சற்றுப் பின்தங்கி, தன் அணியைச் சேர்ந்த முத்திருளனை அருகில் அழைத்தான். அணியில் முத்திருளனின் வேலை, செல்வக்குமாருக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பது.

"டேய், நீ முன்னாடி பிச்சுக்கிட்டுப் போ."

"நானாண்ணே?"

"பயப்படாத, நீ ஒண்ணும் ஜெயிச்சிர மாட்ட. நம்ம அணி ஆளு முன்னாடி போனா, பாண்டி வெரட்டித்தான் ஆகணும். எதிர்காத்துல அவன் நாக்குத் தள்ளட்டும். நான் அவன் பின்னாடி ஹாயா வாரேன். மேலூர் தாண்டி உன்னைப் பிடிச்சிருவோம். அதுக்கப்புறம் அவன் கால்ல என்ன மிச்சம் இருக்கும்?"

"பெரிய மூளைண்ணே உங்களுக்கு" என்று பணிவாகச் சொல்லிவிட்டு முத்திருளன் பறந்தான்.

யாரும் விரட்டவில்லை. தண்ணீர் பாட்டில் தூக்குகிறவனுக்காக யார் காலை வீணாக்குவது?

"மாப்ள, உங்க ஆளு ஒருத்தன் போறான் போல?" என்றான் பாண்டி.

"ஆமா. நீ வெரட்டலையா?"

"வெயிலு சாஸ்தியா இருக்குல்ல!"

செல்வக்குமார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். நடிக்கிறான், நடிக்கட்டும்.

கொஞ்ச தூரத்தில் பாண்டி ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, நிதானமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். செல்வக்குமாரும் நின்று, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். இரண்டு பெரிய கைகளும் நிற்பதைப் பார்த்து, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று மொத்தக் கூட்டமும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

மேலூரில் கோச் சௌரிராஜன் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்தார்.

"செல்வா! முத்திருளன் கண்ணுக்கே தெரியல. இனிமேயும் பாத்துக்கிட்டிருந்தா அவ்வளவுதான். கிளம்பு!"

"நான் கிளம்பினா இவன் ஒட்டிக்கிட்டே வந்து கடைசில எகிறிருவான் சார். அந்தப் பயல நிக்கச் சொல்லுங்க."

"சொன்னேனே! நான் பேசுறது கேக்க காதுல மாட்டிவிட்ட ரேடியோவக் கழட்டி எறிஞ்சிட்டான்."

செல்வக்குமார் சீட்டை விட்டு எழுந்து நின்று வெறி பிடித்தவன் போல் மிதித்தான். கூட்டம் பின்தங்கியது. பாண்டி மட்டும் பின்தங்கவில்லை.

"இங்கனதான் இருக்கேன் மாப்ள. நீ போ, போ" என்று பின்னாலிருந்து உற்சாகமான குரல் வந்தது.

செல்வக்குமார் சோர்ந்து வேகத்தைக் குறைத்தால், பாண்டி முன்னால் வந்து காய்கறி வாங்கப் போகிறவனைப் போல மிதித்தான். எதிரே புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் ஓரமாக நிறுத்தி, "என்னப்பா, ரேஸ் முடிஞ்சிருச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

ஒத்தக்கடை வந்தது. எல்லைக்கோடு தெரிந்ததும் செல்வக்குமார் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தான். இரண்டு வருடக் கனவு பலித்தது. ஒரு சக்கர வித்தியாசத்தில் தங்கப்பாண்டியைத் தோற்கடித்துவிட்டான். இரண்டு கைகளையும் தூக்கினான்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே முத்திருளன் கழுத்து கொள்ளாத மாலையோடு, வேலைக்கான உத்தரவை வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

செல்வக்குமார் சைக்கிளைப் போட்டுவிட்டு பாண்டியிடம் பாய்ந்தான்.

"ஏன்டா, உனக்குக் கிறுக்கா? அவன் எங்க அணி, நானே எப்படி முதல்லயே வெரட்டுறது? நீ வெரட்டியிருக்கலாம்ல? நான் தோக்கணுங்குறதுக்காக நீயும் தோப்பியா?"

தங்கப்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தான். மேடையை ஒரு முறை ஆசையாகப் பார்த்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காத மாப்ள. மாசச் சம்பளம் இல்லாதவனுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு எங்கப்பா நிக்கிறாரு. கட்டினா முத்திருளனைத்தான் கட்டுவேன்னு என் தங்கச்சி முனீஸ்வரி நிக்கிறா. நீ கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்திரணும், அவனை முன்னாடி அனுப்பி வச்சதே நீதானே!"