மூன்று விரல் தடம்

"மரம் குடிச்ச செவப்பைத் திரும்பக் கக்க வைக்க முடியுமா தாயி?"

இருபது வருஷமாகப் பழைய துப்பாக்கிக் கட்டைகளைச் சுத்தம் செய்து பாலீஷ் போடுகிறாள் ரெங்கம்மாள். எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

வைகையின் வடகரையில் ஒரு சந்துக்குள் அவளுடைய பட்டறை. லைசென்ஸ் வைத்திருக்கும் பண்ணைக்காரர்களும் கோச்சடை வக்கீலும் இரும்பைக் கழற்றிவிட்டு மரத்தை மட்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள். பேரைச் சொல்லி, காபி குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். இந்த ஆளோ தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடியிருந்தான். மீசை மட்டும் துண்டுக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் வெளியே நின்றது.

ரெங்கம்மாள் அவன் கொண்டுவந்த சாக்கை விலக்கினாள். பட்டாளத்து ரைபிள் கட்டை. ஊர்க்காரன் எவனும் வைத்திருக்கக் கூடாதது. நம்பர் பொறித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கட்டையின் கழுத்தில், அடர்சிவப்பாக, மூன்று விரல்கள் இழுத்த தடம்.

"இது எப்படிய்யா ஆச்சு?"

"நடந்தது நடந்துபோச்சு, அதைக் கேக்காதீக. திங்கக்கிழமை காலைல ஒரு பெரிய ஆளு வாராரு. அவரு கண்ணுல இது பட்டுச்சு, என் பொண்டாட்டி புள்ளைக நடுத்தெருதான்."

"இது ஒண்ணுதானா?"

அவன் சந்தின் இரு முனைகளையும் பார்த்துக்கொண்டான். "சாம்பிளுக்கு ஒண்ணு. இன்னும் பதினொண்ணு கிடக்கு. ஒரே நாள்ல அம்புட்டும் ஆகிப்போச்சு. செஞ்ச பய கையை முறிக்கணும்!"

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டான்.

பூஜைக்கு வாங்கிய பொரியில் மிச்சத்தைக் கொறித்தபடி பக்கத்துத் தறிக்கூடத்து ஒச்சாயி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் பொரி தரையில் சிதறியது.

"ஆத்தாடி! மூணு வெரலு! சாகப்போற மனுசன் கடைசியா எட்டிப் புடிச்சிருக்கான்க்கா!"

"பன்னெண்டு கட்டையிலயுமா புடிப்பான்?"

"பன்னெண்டு மனுசங்க, ஆளுக்கொண்ணு."

"பேப்பர்ல ஒண்ணும் வரலையேடி."

"பொணம் கெடைச்சாத்தானே வரும்? நாளைக்கு உன் போட்டோதான் வரும். நல்ல சேலையா எடுத்து வை."

ரெங்கம்மாள் சாக்கை இழுத்துக் கட்டையை மூடினாள். "கழுவிக் குடுத்தா நானும் கூட்டுக் களவாணி. கழுவாம விட்டா பதிமூணாவது பொணம் நான்தான்டி."

ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? சாக்பீஸ் தூளை டர்ப்பன்டைனில் குழைத்து, தடத்தின் ஓரத்தில் விரலகலம் அப்பி வெயிலில் வைத்தாள். எண்ணெய் குடித்த மரத்தைக் கக்க வைக்க அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. அரை மணியில் வெள்ளைத்தூள் அழகான ரோஸ் நிறத்தில் உதிர்ந்தது.

"ரத்தம் இம்புட்டு லேசுல வராதேடி."

"சின்ன வயசுப் பசங்களா இருக்கும்க்கா. எளரத்தம்."

அதற்குமேல் ரெங்கம்மாளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நல்ல சேலையை உடுத்தினாள். கட்டையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் மிதித்திராத போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள்.

வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "என்னம்மா?" என்றார்.

"கொலைங்கய்யா."

"எங்க?"

"அது தெரியாதுங்கய்யா. ஆனா பன்னெண்டு."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஏட்டய்யா! பெரிய கேசு ஒண்ணு உள்ள வருது!"

உள்ளே ஏட்டய்யா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ரெங்கம்மாள் சாக்கை மேஜைமேல் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினாள்.

"மீசைக்காரன்யா. மொகமே கொலைகார மொகம். பன்னெண்டு பேரைத் தீத்துட்டு, ரத்தத்தைத் தொடைக்க எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கான். அவனைத் தூக்குல போடணும்யா!"

கொட்டி முடித்து, கண்ணைத் திறந்தாள்.

எதிரே, காக்கிச் சட்டைக்கு மேலே, அதே மீசை.

சாக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடத் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் கை மேஜை விளிம்பில் பட்டது. அங்கே மூன்று விரல் தடம். அடர்சிவப்பு. பீரோவிலும் மூன்று விரல். சுவரில் மாட்டிய லத்தியில், லாக்கப் கம்பியில், கைவிலங்கில், எல்லாவற்றிலும் மூன்று மூன்று விரல். மூலையில் சரஸ்வதி படத்துக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின.

"மெதுவாப் பேசுங்க தாயி," ஏட்டு ரகசியமாகச் சொன்னார். "ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வைடான்னேன். உதிரக் கூடாதுன்னு குங்குமத்தை நல்லெண்ணெயில குழைச்சு, பட்டையாவே போட்டுவிட்டுட்டான், வாசல்ல நிக்கிற அந்தப் பய. திங்கக்கிழமை பெரிய ஐயா இன்ஸ்பெக்‌ஷன். உடுப்போட உங்க பட்டறைக்கு வந்தா ஊரே சிரிக்குமேன்னுதான் துண்டைப் போட்டுக்கிட்டு வந்தேன். என்ன, வெளுக்குதா?"

ரெங்கம்மாள் ரோஸ் நிறம் படிந்த விரலை நீட்டினாள். ஏட்டு அதைப் பார்த்துக் கும்பிடாத குறையாக எழுந்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து மீதிப் பதினோரு கட்டைகளையும் இழுத்து, மேஜைமேல் இருந்ததோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி, தானே அவள் தலையில் தூக்கி வைத்தார்.

வாசல் போலீஸ்காரர் ஆவலோடு வழிமறித்தார். "ஏம்மா, கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுதா?"

ரெங்கம்மாள் அவரைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலைச்சுமையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.