இஞ்சினில் கை வைத்தவர்

"இன்னொரு சுத்து சுத்திப் பாருங்கண்ணே" என்றார் ஆத்மநாதன் மேஸ்திரி.

வெள்ளைச்சாமி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஆயில் இஞ்சினின் பெரிய சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றினான். சக்கரம் சுற்றியது. இஞ்சின் மட்டும் யாருக்கு வந்த விருந்தோ என்று உட்கார்ந்திருந்தது.

"இது தானா நிக்கல மேஸ்திரி. கை வச்சிருக்காய்ங்க."

"யாரு?"

"வேற யாரு? எந்தம்பி நாகராசுதான்."

வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் தோட்டம். அங்கே இன்னும் மாடு கட்டி இறைக்கிற கவலைதான். மாடுகள் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாகத் தண்ணீர் அது பாட்டுக்கு வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. சமஸ்தானத்தில் மழை பொய்த்த வருஷம் அது. நார்த்தாமலைப் பக்கத்துக்கே முதல் இஞ்சின் என்று ஊர் திரண்டு வந்து பார்த்தபோது, தம்பி மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த இஞ்சினுக்காகத்தான் வெள்ளைச்சாமி தன் கவலை மாடுகளை விற்றான். இப்போது இஞ்சினும் இல்லை, மாடும் இல்லை. குலை தள்ளுகிற வாழை இலையெல்லாம் துவண்டு கிடந்தது. இன்னும் ஓரிரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் தோட்டத்தைத் தலைமுழுக வேண்டியதுதான்.

மேஸ்திரி ஊதுவிளக்கைப் பற்றவைத்து இஞ்சின் தலைக்கு மறுபடி சூடு காட்டினார். சிவக்கச் சிவக்கக் காய்ந்தும் அது ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

"சூட்டுல கொறையில்ல. எண்ணெயும் நெறைய இருக்கு. ஆனா உள்ள போய்ச் சேரல."

அந்த நேரம் வெள்ளைச்சாமியின் மனைவி மீனம்மாள் நீராகாரச் செம்போடு மெல்ல நடந்து வந்தாள். ஏழாம் மாதம். ஏறாத கோயில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. அதற்கப்புறம் தங்கிய பிள்ளை. நாகராசுக்கு வரிசையாக மூன்று பையன்கள் பிறந்தபோது, ஒவ்வொரு தடவையும் வெள்ளைச்சாமி இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறான். தம்பி பெற்றதற்கெல்லாம் அப்படி வயிறெரிகிற ஜென்மம் அவன்.

"வெள்ளனா போனவுக, மேஸ்திரியக் கூட்டியார இம்புட்டு நேரமா?" என்றாள்.

"வழியில ஒரு சோலி இருந்துச்சு. நீ எதுக்கு இந்த வெயில்ல வந்த? அங்கிட்டு நெழல்ல உக்காரு."

மேஸ்திரி எண்ணெய்க் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். சாம்பல் நிறத்தில் களி மாதிரி ஏதோ பிதுங்கி விழுந்தது.

"பாத்தீகளா?" வெள்ளைச்சாமி தம்பி தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினான். "மண்ணள்ளிப் போட்டிருக்கான், பாவி. எம் பொழப்புல மண்ணப் போட்டவன் உருப்படுவானா?"

மேஸ்திரி அதை விரலில் தேய்த்து முகர்ந்தார். "மண்ணு மாதிரித் தெரியலண்ணே. மாவாட்டம்ல இருக்கு."

மீனம்மாள் செம்பைக் கீழே வைத்தாள்.

"அது துண்ணூறுங்க" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"இஞ்சினு இருமி இருமி ஓடுச்சுல்ல, கண்ணு பட்டிருக்கும்னு கருப்பர் கோயில் துண்ணூறு வாங்கியாந்து பூசுனேன். புள்ளைகளுக்கு நெத்தியில பூசிட்டு வாயிலயும் ஒரு சிட்டிகை போடுவோம்ல? அந்த மாதிரி, எண்ணெய் ஊத்துற மூடியத் தொறந்து தெனமும் ஒரு கை போட்டேன். நீங்க வைவீகன்னுதான் சொல்லல."

மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லாக் குடுத்தீக தாயி வைத்தியம்."

தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, குழாயை ஊதி, புது எண்ணெய் ஊற்றிச் சக்கரத்தைச் சுழற்றினார். இஞ்சின் இரண்டு தடவை கனைத்தது. மூன்றாவது சுற்றில் தடதடவென்று பிடித்துக்கொண்டது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் பொங்கி விழுந்து வாழைக்குள் ஓடியது. மீனம்மாள் வாய்க்காலில் இறங்கி, கால் நனைய நின்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"கொழுந்தனாரப் போட்டு அந்த வசவு வஞ்சீகளே, பாவம். பொழுது சாய ஒரு எட்டுப் போயி அவுகளோட பேசிட்டு வாங்க" என்றாள்.

வெள்ளைச்சாமி கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணே, தண்ணி வந்தும் மூஞ்சி தெளியலையே" என்றார் மேஸ்திரி.

என்னத்தைச் சொல்வான்? விடிவதற்கு முன்பே அதே கருப்பர் சந்நிதியில் அரிவாளால் காசை வெட்டிப் போட்டுவிட்டு, தம்பியின் மூன்று பையன்களின் முகத்தையும் மனதில் நிறுத்தி, அவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டு வந்திருந்தான்: "என் இஞ்சின்ல கை வச்சது யாரா இருந்தாலும், அவுக பெத்ததும் தங்கக் கூடாது, பெறப்போறதும் தங்கக் கூடாது."