தேனிலவுக்கு மாயா மலை

“நீங்கள் போகிற கிராமத்தில் ஆண்கள் என்ன நிறத்தில் கால்சட்டை போடுவார்கள்?”

யங்கோன் விமான நிலையத்தின் தனி அறையில் உட்கார்ந்து குடியேற்றத் துறை அதிகாரி பர்மியில் கேட்டார். சுற்றுலா நிறுவனம் கொடுத்த படத்தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்க வழியில்லை.

“பச்சை, சயா” என்றான் பிரேம்நாத், ‘ஐயா’ என்கிற பர்மிய மரியாதையோடு.

மேசைக்குக் கீழே பவானி அவன் காலை மிதித்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மிதி நன்றாகவே விழுந்தது.

“சிவப்புங்க! சிவப்புல வெள்ளக் கோடு. எத்தன வீடியோ காட்டினேன்?” தமிழில் பல்லைக் கடித்தாள்.

“மெதுவாப் பேசு.”

“தமிழ்தானே? இவருக்கு என்ன தெரியப்போவுது?”

அவன் அதிகாரியின் பக்கம் திரும்பி, “சிவப்பு, சயா. எனக்கு நிறம் கொஞ்சம் குழம்பும்” என்று பர்மியில் சமாளித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. சட்டையில் ‘ஊ தேன் சுவே’ என்று பெயர்ப்பட்டை. கையருகே முத்திரைக் கட்டை. அதைத் தொடவே இல்லை.

பாஸ்போர்ட்டில் பிரேம்நாத்தின் பெயர் ஆங் மின். யங்கோனை ஒட்டிய இன்சீனில் வீட்டு வாசலைத் தாண்டினால் பிரேம்நாத் கிடையாது. இந்த ஊர்த் தமிழர்கள் நிறையப் பேருக்கு வெளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்.

எந்தப் பெயராக இருந்தாலும் வயது ஒன்றுதான். அவன் வயதுப் பையன்களை வேலைக்கென்று வெளிநாடு விடுவதில்லை. இங்கேயே இருந்தால் என்றைக்காவது பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். மிச்சமிருப்பது சுற்றுலா என்ற ஒரு சந்து.

அதிலும் பாங்காக் மட்டும் என்றால் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் யாருமே வேலை தேடிப் போகாத ஒரு மூலையைப் பவானி பிடித்தாள். குவாத்தமாலா நாட்டு மலையில், மாயா மக்கள் வாழும் தோதோஸ் சாந்தோஸ் என்ற சின்னக் கிராமம். தேனிலவு. நடுவில் பாங்காக்கில் விமானம் மாற வேண்டும். அங்கே மாறாமல் வெளியே நழுவிவிடுவதுதான் இருவரின் ஏற்பாடு.

“அங்கே சந்தை என்றைக்கு?”

“ஞாயிற்றுக்கிழமை.”

மறுபடியும் மிதி. “சனி! உங்க தலையில குந்தியிருக்கே, அதே சனி!”

“சனிக்கிழமை, சயா.”

“அந்தக் கிராமத்துக்கு எப்படிப் போவது?”

“ரயிலில்.”

“ஐயோ, ரயில் ஏதுங்க அங்க? இன்சீன் ரயில் ஷெட்டுலயே பொறந்து வளந்தா எல்லா ஊர்லயும் ரயில் ஓடுமா?” பவானிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “ஹுவேஹுவேதெனாங்கோ போயி, அங்கேருந்து மலை பஸ்.”

“அந்தப் பேரு என் வாயில வரமாட்டேங்குதுடி.”

“காலையில மொகிங்கா மீன் சூப்பு ரெண்டு கிண்ணம் போவுதுல்ல, அந்த வாயிலதான?”

அவளே பர்மியில் பதில் சொன்னாள். அதிகாரி அந்த ஊர்ப் பெயரை வாய்க்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். முகம் இளகவில்லை.

“பக்கத்தில் பார்க்க வேறென்ன இருக்கிறது?”

“சாக்குலேயு. மாயா ராஜாக்கள் காலத்துக் கோயில் மேடு. மேலே வெள்ளைப் பூச்சு பூசியிருப்பார்கள்.” இதையும் பவானியே சொன்னாள்.

வெளியே ஒலிபெருக்கி பாங்காக் பயணிகளைக் கூப்பிட்டது. பிரேம்நாத் பாதி எழுந்தான். அதிகாரி கையமர்த்தினார்.

“இந்தக் கெழம் விடாது போலருக்கே” என்றாள் பவானி, பார்வையை மேசையிலிருந்து எடுக்காமல். “கத்திக் கத்தித் தொண்ட காஞ்சு போச்சு.”

அதிகாரி அடுத்த கேள்வியை யோசித்தபடியே தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் வாங்கி மடமடவென்று குடித்தாள்.

“ராத்திரியில் குளிருமா?”

“குளிரும், சயா. ரொம்ப உயரம்.”

“சோறு கிடைக்குமா?”

“சோளரொட்டிதான் அதிகம்.”

“உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் போவீர்கள்?”

பிரேம்நாத்துக்குத் தலை சுற்றியது. இது என்ன விசாரணை? பாஸ்போர்ட்டைப் பார்த்தாயிற்று, டிக்கெட்டைப் பார்த்தாயிற்று, ஹோட்டல் ரசீதையும் பார்த்தாயிற்று. பிடிப்பதென்றால் பிடித்துத் தொலைய வேண்டியதுதானே?

ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. கடைசி அழைப்பு.

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “போதும் பவானி, வா, வீட்டுக்கே போயிருவோம்” என்று தமிழில் வெடித்தான். “பாங்காக்குல எறங்கப்போற நமக்கு எதுக்குடி இத்தன பாடம்?”

அதிகாரியும் எழுந்தார். கதவருகே போய் வெளியே இருபக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

பவானி கணவனின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

அவர் திரும்பி வந்து முத்திரைக் கட்டையை எடுத்தார். ஒரு பாஸ்போர்ட்டில் ஒரு குத்து, மற்றதில் ஒரு குத்து. இரண்டையும் சேர்த்து அவள் கையில் வைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். வந்தது பர்மி அல்ல, யங்கோன் போட்டாதாங் பேட்டையின் அசல் தமிழ்.

“அடுத்த வாரம் எம் மகன் கெளம்புறான்மா, அவனுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் இத்தனையும் கேட்டேன்.”