வால் முளைக்காத அணுக்கள்

பேனாவை நீட்டியபடியே இருக்கும் அத்தையின் கை வலிக்குமே என்றுதான் நிறைமதிக்கு முதலில் தோன்றியது.

ஆய்வகத்தில் அவள் கணவன் திருமாறனின் தோலிலிருந்து விந்தணுக்களை வளர்க்கத் தொடங்கி எட்டு மாதங்களாகின்றன. இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று இணைந்தால்தான் அவற்றுக்கு வால் முளைக்கும். அவனுடையவை இணையவே இல்லை. வெள்ளிதோறும் அவன் வந்து நுண்ணோக்கியில் பார்ப்பான். “சோம்பேறிப் பசங்க, அப்பன மாதிரியே” என்று சிரித்துவிட்டுப் போவான்.

அவன் தம்பியின் மரபணுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சேர்த்தால் புரதங்கள் இணைந்துவிடும் என்றார் மருத்துவர். சட்டப்படி சம்மதப் படிவத்தில் மனைவியின் கையெழுத்தே போதும்.

“நம்ம ரத்தந்தானேம்மா. அவங்கிட்ட சொல்லாத. வால் முளைச்சத பாத்தா சின்னப்புள்ளயாட்டம் குதிப்பான்” என்றார் அத்தை.

குதிப்பான்தான். கேட்டால் மறுப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுக்கு நாற்பத்தொன்று, இதுதான் கடைசி முயற்சி. ஆனால் அவன் குதிக்கும்போது பக்கத்தில் நின்று அவளும் சிரிக்க வேண்டியிருக்கும். பிறகு ஆயுள் முழுக்க.

படிவத்தை மெல்ல அத்தையின் பக்கம் நகர்த்தினாள்.

“அவருக்குத் தெரியாம நான் போட மாட்டேன், அத்த.”