புஷ்பம் சொன்ன டாக்டர்

"கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடிதானே தருவாரு! கண்ணுக்குள்ள நோய்னா கண் டாக்டர்கிட்டதான் போகணும்!"

"கத்தாத புஷ்பம்! இன்னொரு கண்ணாடி மாத்தினா சரியாயிரும்."

கட்டுகஸ்தோட்டையில் சதாசிவம் வீட்டுப் புருஷன் பொண்டாட்டி சண்டை இது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நவநீதன், சுவரில் காது வைக்காமலே தினமும் கேட்பார். அந்த அம்மாவுக்குச் சண்டை கிடைத்தால் சோறே வேண்டாம்போல.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரே சதாசிவத்தைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"கண்ணுல அழுத்தம் கூடியிருக்கு. இன்னும் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்," என்றார் டாக்டர். "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. சொட்டு மருந்து விடக் காட்டித் தாரேன்."

"அவ செத்து மூணு வருஷமாச்சுங்க."

நவநீதன் உட்கார்ந்திருந்த கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கிழமையே குடும்பத்தோடு நாவலப்பிட்டிக்குக் குடிபோய்விட்டார். கட்டுகஸ்தோட்டையில் சத்தம் அதிகம் என்று காரணம் சொன்னாராம்.