தம்பிக்குப் பிணை

"குற்றத்தை ஒத்துக்கிட்டாச்சு. தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதி கேட்டார்.

கூண்டில் நின்ற தம்பி இல்லை என்று தலையாட்டினான்.

மூன்றாவது பெஞ்சில் இருந்த நான் எழுந்துவிட்டேன். கேள்வி எனக்கு இல்லை. உடனே உட்கார்ந்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாளா, நானாகவே உட்கார்ந்தேனா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

வயது பத்தொன்பது. முதல் வழக்கு. பைக்குள் ஆறு கிராம் கஞ்சா. இதற்கு ஆறு மாதம் உள்ளே போடலாம், இல்லையென்றால் ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் வீட்டுக்கு அனுப்பலாம். எது என்பது அவர் இஷ்டம். அவர் இன்னும் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

எனக்குப் பகலில் மருந்துக் கடையில் வேலை, மாலையில் சட்டப் பட்டய வகுப்பு. சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாக ஒரு தாளில் எழுதி வந்திருந்தேன். அச்சகத்தில் அவனுக்கு இருக்கும் வேலை, முதலாளி கொடுத்த கடிதம், அம்மாவின் மருத்துவச் சீட்டு. எதை முதலில் சொல்வது என்பதில் நேற்று வரை சந்தேகம். தாளை நாலாக மடித்தேன். பிரித்தேன். எட்டாக மடித்தேன்.

"வக்கீல் பேச்சைக் கேட்டிருந்தா இப்படி நிக்க வேண்டியதே இல்ல. கூறு கெட்டவன்," என்று அம்மா என் காதருகே பொருமினாள்.

இரண்டு மாதமாக இதே பேச்சுதான். யாரோ போன் செய்து சொல்லித்தான் போலீஸ் தம்பியைப் பிடித்தது. அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேட்டால் வழக்கு நிற்காது என்று வக்கீல் அடித்துச் சொன்னார். தம்பி மறுத்துவிட்டான். அதெல்லாம் வேண்டாம், நான் ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவன் பயந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

"பிணைக்கு யாரு?"

இந்த முறை எழுந்தது சரிதான். முன்னால் போய் நின்றேன். கையில் தாள் இல்லை. பெஞ்சிலேயே விட்டுவிட்டேன் போல.

"நான் அக்கா, ஐயா."

நீதிபதி என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இவன் திரும்ப இதைத் தொட்டா நீங்களே ஸ்டேஷனுக்குச் சொல்லணும். கூடப் பிறந்தவன்னு மூடி மறைக்கக் கூடாது. சொல்லுவீங்களா?"

ஆமாம் என்பது ஒரே ஒரு சொல். அது வரவில்லை. பின்னால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லுவேன்னு சொல்லுடி," என்றாள்.

கூண்டிலிருந்து தம்பிதான் பதில் சொன்னான்.

"அவ சொல்லுவா, ஐயா."

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. நீதிபதிகூட லேசாகச் சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். தம்பி சிரிக்கவில்லை.

ஓராண்டு, நன்னடத்தைப் பிணை. அதைப் படிக்கப் பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அம்மா அழுவதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எழுத்தர் மேசையில் கையெழுத்து. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் அம்மா. படிவத்தைச் சேர்ப்பதற்காக எழுத்தர் வழக்குக் கட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். முதல் தாள் என் பக்கமாகத் திரும்பியிருந்தது. தகவல் வந்த தேதி, வந்த நேரம், எந்த எண்ணிலிருந்து வந்தது.

என் எண்.

பெயரைச் சொல்லாமல் பேசினால் போதும் என்று நினைத்திருந்தேன். முதல் முறை மாட்டினால் மிரட்டி அனுப்பிவிடுவார்கள் என்று வகுப்பில் குறித்து அடிக்கோடும் போட்டிருந்தேன். அந்த மிரட்டல் ஒன்று அவனுக்குப் போதும் என்று தோன்றியது. எப்போது அப்படி அனுப்ப மாட்டார்கள் என்பதை அடுத்த நாள் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறார்கள். அன்று எனக்குக் காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை. நண்பியின் நோட்டை வாங்கிப் பார்த்தது, அவனைப் பிடித்த பிறகு.

"போன் நம்பர் சொல்லும்மா," என்றார் எழுத்தர்.

அம்மாவின் எண்ணைச் சொல்லலாமா? அம்மா தோளில் இடித்துக்கொண்டு நிற்கிறாள். கடை எண்ணைச் சொன்னால்? கடை எண் எது?

"என்னடி, சொந்த நம்பர் கூடவா மறந்து போச்சு?"

"விடும்மா. நான் சொல்றேன், எழுதிக்குங்க சார்," என்றான் தம்பி.

பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எழுத்தர் படிவத்தை மட்டும் பார்த்து எழுதினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கை, மேசையைப் பிடிப்பது போல, கட்டின் முதல் தாள் மேல் இருந்தது. எண் இருந்த வரி அவன் உள்ளங்கைக்கு அடியில்.

தாளின் அடிப்பகுதி மட்டும் எனக்குத் தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும் வழக்குத் தாள்களின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். அந்த இடத்தில் தம்பியின் கோணல் கையெழுத்து.

தேதியைப் படித்தேன். அவன் வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததற்கு முதல் நாள்.